தசை பிடித்த குதிரையை நெடுந்தூர ஓட்டத்துக்குத் தயார் செய்வது எப்படி?

பொங்கலை ஒட்டி நான்கு நாள் விடுமுறை. போகி முதல் காணும் பொங்கல் வரை மல்லியை லாயத்தை விட்டு வெளியே எடுக்கவில்லை. மல்லி என் பெண்குதிரை. மார்வாரிக் கலப்பு, ஒன்பது வயது. வேலை நின்றதே தவிர தீனி நிற்கவில்லை. காலையும் மாலையும் வழக்கம்போல ஊறவைத்த கொள்ளு, தவிடு. மாட்டுப் பொங்கலன்று வெல்லப் பொங்கல் ஒரு தட்டு வேறு. ஐந்தாம் நாள் விடியற்காலையில், பனி விலகும் முன்பே, வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் ஏறினோம். அவள் துள்ளினாள். ஓய்வில் நல்ல தெம்பு வந்திருக்கிறது என்று மகிழ்ந்து ஓடவிட்டேன்.

இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்காது. பின்னங்கால்கள் எடுத்து வைக்கும் எட்டு சுருங்கியது. அந்தக் குளிரில், அவ்வளவு சிறிய ஓட்டத்துக்குக் கழுத்தும் விலாவும் நனைந்து வழிந்தன. இறங்கிப் பிட்டத்தில் கை வைத்தேன். முந்தின வாரம் பிசைந்த மாவுபோல அமுங்கிய தசை, அன்று புளியங்கட்டைபோல இருந்தது. ஓர் அடி எடுத்து வைக்க மறுத்தாள். அரைமணி நேரம் கழித்து அவள் பெய்த சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் மண்ணில் ஓடியது.

இதைத்தான் குதிரைக்காரர்கள் 'டையிங் அப்' என்கிறார்கள். உழைப்பின்போது தசைநார்கள் இறுகி, விட்டுக்கொடுக்க முடியாமல் போய், உள்ளேயே சிதைவது. ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகள் ஞாயிறு முழுக்கத் தின்றுவிட்டுச் சும்மா நின்று, திங்கட்கிழமை வண்டியில் பூட்டியதும் விழுந்ததால் 'திங்கட்கிழமைக் காலை நோய்' என்றும் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. எனக்கு அது காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையாக வந்தது.

அன்றிலிருந்து, இந்த வருட முடிவுக்குள் அவளை 40 கி.மீ. நெடுந்தூர ஓட்டம் ஒன்றில் நல்லபடியாக முடிக்க வைக்க வேண்டும் என்று உழைத்துவருகிறேன். குதிரை வளர்க்கத் தொடங்கியவர்களுக்கும், இப்படி ஒரு காலையைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று, இதுவரை கற்றதை எழுதுகிறேன்.

நெடுந்தூர ஓட்டம் என்றால் என்ன?

ரேஸ் வேறு, இது வேறு. ரேஸ் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நெடுந்தூர ஓட்டத்தில் ஒரே நாளில் 40, 60, 80 கி.மீ. என்று தொடங்கி, சர்வதேச அளவில் 160 கி.மீ. வரை போகிறார்கள். கேரளத்தின் நிதா அஞ்சும் 2023ல் பிரான்சில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 120 கி.மீ. முடித்தபோதுதான் நம் பக்கத்தில் பலர் இந்த விளையாட்டின் பெயரையே கேட்டார்கள்.

தூரத்தைச் சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் நாடித் துடிப்பு இறங்கியிருக்க வேண்டும். சர்வதேச விதிப்படி நிமிடத்துக்கு 64. பிறகு ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். தோலைக் கிள்ளி நீர்ச்சத்தை அறிவார்கள், வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்பார்கள், பிட்டத்துத் தசையை அமுக்கிப் பார்ப்பார்கள். எதில் தவறினாலும் அத்தோடு சரி, குதிரையை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். முதலில் வந்த குதிரையும் கடைசிப் பரிசோதனையில் தேறினால்தான் வந்ததாகக் கணக்கு.

தூரம் பற்றி ஓர் அளவு வேண்டுமானால் நம் ஊர்ச் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆற்காட்டுப் பாளையத்திலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி தன் குதிரைப்படையோடு விரைந்து வந்தது சுமார் 25 கி.மீ. கோட்டைக்குள் அன்று சிந்திய ரத்தத்தை மறந்து அந்த ஓட்டத்தைப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய எவ்வளவு என்று காட்பாடிப் பிள்ளைகளுக்குச் சொல்ல, ஆற்காடு–வேலூர் சாலையைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

தசைக்குள் என்ன நடக்கிறது?

ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்கு ஓடிவிடும். அதே தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்ற வேண்டுமென்றால் மோட்டார் வேண்டும், கரண்ட் வேண்டும். தசைநாருக்குள் கால்சியம் இப்படித்தான் வேலை செய்கிறது. மூளையின் உத்தரவு வந்ததும் கால்சியம் அதன் அறையிலிருந்து கொட்டும், தசை சுருங்கும். பிறகு தசை தளர வேண்டுமானால் அந்தக் கால்சியத்தை மறுபடி அறைக்குள் இறைத்துக் கொட்ட வேண்டும். இறைப்பதற்கு ஆற்றல் செலவாகும். ஆற்றல் வரத்திலோ மதகிலோ கோளாறு வந்தால் கால்சியம் உள்ளேயே தேங்கும். நார் சுருங்கியபடியே நிற்கும். அந்த நிலை நீடித்தால் நாரின் சவ்வு கிழிந்து, உள்ளே இருப்பவை ரத்தத்தில் கலக்கும்.

அப்படிக் கலப்பவற்றில் இரண்டை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று மயோகுளோபின் என்னும் தசைப் புரதம். சிறுநீரைக் காப்பி நிறமாக்குவது இதுதான். சிறுநீரகத்தைக் கெடுப்பதும் இதுதான். மற்றொன்று சி.கே. என்னும் நொதி. அதை ரத்தப் பரிசோதனையில் அளக்கலாம். பிடிப்பு வந்து நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, சேதம் நின்றுவிட்டால் சில நாட்களில் இறங்கிவிடும். ஏ.எஸ்.டி. என்ற இன்னொரு நொதி மெதுவாக ஏறி, வாரக்கணக்கில் மெதுவாக இறங்கும். சி.கே. இறங்கி ஏ.எஸ்.டி. உயர்ந்தே இருந்தால், புதுச் சேதம் இல்லை, பழைய காயம் ஆறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மல்லியின் சி.கே. முதல் நாள் ஐந்து இலக்கத்தில் இருந்தது. நலமான குதிரைக்குச் சில நூறுகளுக்குள் இருக்கும்.

லாக்டிக் அமிலம் சேர்ந்ததால்தான் இப்படி ஆனது என்று இன்றும் சிலர் சொல்வார்கள். பெரும்பாலான குதிரைகளில் அது காரணம் இல்லை என்று தெரிந்து பல வருடங்கள் ஆகின்றன.

எல்லாக் குதிரைக்கும் காரணம் ஒன்றல்ல. பழக்கத்துக்கு மீறிய ஓட்டம், வெயில், உப்புச்சத்து இழப்பு, ஓய்வு நாளின் நிறைதீனி ஆகியவற்றால் எப்போதாவது ஒருமுறை வருவது ஒரு வகை. பிறவியிலேயே தசையின் அமைப்பில் குறை இருந்து திரும்பத் திரும்ப வருவது இன்னொரு வகை. சில குதிரைகளின் தசையில் சர்க்கரை அளவு மீறிச் சேர்ந்து கிடக்கும். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008ல் கண்டுபிடித்தார்கள். இன்று முடியைப் பிடுங்கி அனுப்பியே சோதித்துவிடலாம். படபடப்பான ரேஸ் இனக் குதிரைகளுக்கு வருவது மற்றொன்று. அதில் கோளாறு கால்சியத்தை ஆளும் இடத்தில். இரண்டாவது முறையும் பிடித்தால் தற்செயல் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

பிடித்த அந்த மணி நேரம்

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். வயிற்றுவலி வந்த குதிரையை நடத்துவார்கள் அல்லவா, அதே நினைப்பில் மல்லியையும் நடத்தப் பார்த்தேன். பத்து அடி இழுத்திருப்பேன். ஒவ்வோர் அடியும் கிழிந்த நாரை மேலும் கிழிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. பிடித்த இடத்திலேயே நிறுத்துங்கள். சேணத்தை அவிழுங்கள். குளிர்காற்று அடித்தால் இடுப்புமேல் ஒரு போர்வை, வெயிலானால் நிழல். தண்ணீர் காட்டுங்கள். மருத்துவரை அங்கேயே வரவழையுங்கள். வர முடியாவிட்டால் வண்டியைக் குதிரையிடம் கொண்டுவாருங்கள், குதிரையை வண்டியிடம் நடத்தாதீர்கள். சிறுநீரின் நிறத்தைப் பார்த்து வையுங்கள், முடிந்தால் ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள்.

வீட்டிலிருக்கும் வலிமாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நீர் வற்றிய உடலில் அந்த வகை மருந்துகள், மயோகுளோபினால் ஏற்கெனவே தவிக்கும் சிறுநீரகத்தை இன்னும் நசுக்கும். முதலில் நீர் ஏற்றுவதா, வலிக்கு மருந்தா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கொள்ளுப் பையும் வண்டியும்

மல்லி எழுந்து நடமாடத் தொடங்கிய வாரம், வாணியம்பாடிப் பக்கம் ஐம்பது வருடம் ஜட்கா ஓட்டிய ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொல்லி, "தப்பு எங்க பாய்?" என்றேன். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை அவர் பார்க்கவே இல்லை. "அந்த நாலு நாளு கொள்ளு போட்டியா தம்பி?" என்றுதான் கேட்டார். "போட்டேன்" என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வண்டி நின்னா கொள்ளுப் பையும் நிக்கணும். நாங்க பெருநாளைக்கு வண்டி பூட்டலன்னா மொத நாளு சாயங்காலமே பாதி ஆக்கிடுவோம். வெறும் புல்லுதான். மறுநாளு வண்டி பூட்டி, வேலை செஞ்ச அப்புறம்தான் முழுசு" என்றார்.

நான் படித்த எல்லா விளக்கமும் இந்த ஒரு பேச்சுக்குள் இருந்தது. கொள்ளு, மக்காச்சோளம், தவிடு, வெல்லம் எல்லாமே மாவுச்சத்தும் சர்க்கரையும் தருபவை. உழைக்காத நாளில் அவை தேவைக்கு மேல் சேரும். பயந்த சுபாவமுள்ள குதிரையை மேலும் துடிக்க வைக்கும். மீண்டுவரும் குதிரைக்கு ஆற்றலை வேறு வழியில் கொடுக்க வேண்டும்.

அடிப்படை புல்தான். உலர் எடைக் கணக்கில், உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு நார்த்தீனி வேண்டும். 400 கிலோ குதிரைக்கு ஆறு முதல் எட்டு கிலோ. பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதை மறந்து எட்டு கிலோ பச்சைப் புல்லை அள்ளிப்போட்டால் குதிரை பட்டினிதான்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பால்மாட்டுக்காக எல்லோரும் போட்டிருக்கும் கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் அதிகம்; தீனியிலுள்ள கால்சியத்தை அது கட்டிப்போட்டுவிடும். ஆரணி, ஆற்காட்டு ரைஸ்மில் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. இரண்டையும் மட்டுமே தின்னும் குதிரை மெல்ல மெல்ல எலும்புக் கால்சியத்தை இழக்கும்; முற்றினால் முகவெலும்பே வீங்கும். தசை தளர்வதே கால்சியத்தின் ஒழுங்கில் இருக்கும்போது இந்தக் குறையை விட்டுவைக்கக் கூடாது. இதற்கு மருந்து நம் வயலிலேயே உண்டு. பெயரிலேயே குதிரையை வைத்திருக்கிறது: குதிரை மசால். கால்சியம் நிறைந்த பயறு வகைத் தீவனம். மல்லிக்குக் கொழுக்கட்டைப் புல்லும் நேப்பியரும் கலந்து போட்டு, அதோடு தினம் உலர்ந்த குதிரை மசால் இரண்டு கிலோ கொடுக்கிறேன்.

கொள்ளை நான்கில் ஒரு பங்காக்கினேன். அந்த இடத்தை எண்ணெய் நிரப்பியது. தவிட்டு எண்ணெய், முதல் வாரம் நாளுக்கு 50 மி.லி.; மூன்று வாரத்தில் மெதுவாக 250 மி.லி. சட்டென்று ஊற்றினால் சாணம் இளகும். கொழுப்பு மெதுவாக எரியும் விறகு. நெடுந்தூர ஓட்டத்துக்கு அதுதான் பொருத்தம். எண்ணெய் கூடினால் வைட்டமின் ஈ தேவையும் கூடும். மருத்துவர் தினம் 1000 யூனிட் சொன்னார். செலினியமும் தசைக்கு வேண்டியதே, ஆனால் கொஞ்சம் கூடினாலே நஞ்சு. அளவு தெரியாமல் ஊசி போடச் சொல்லாதீர்கள். பழைய தவிட்டை முகர்ந்து பாருங்கள்; சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

உப்பு. வேலூரை 'வெயிலூர்' என்று சும்மா சொல்லவில்லை. கடும் வெயிலில் உழைக்கும் குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் வியர்க்கும். குதிரையின் வியர்வையில் உப்புச்சத்து அதன் ரத்தத்தில் இருப்பதைவிடச் செறிவு. தினமும் இரண்டு மேசைக்கரண்டி சாதாரண உப்பைத் தீனியில் கலக்கிறேன். நன்றாக வியர்த்த நாளில் இன்னும் ஒன்று. எப்போதும் நிறைந்த தொட்டித் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் உப்பைத் திணிப்பது தீங்கு.

மீண்டும் நடை, பிறகு ஓட்டம்

முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அதன்பின் லாயத்தில் அடைத்து வைக்கக் கூடாது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். அடிபட்ட மனிதனைப் படுக்க வைப்போம்; பிடிப்பு விட்ட குதிரையைச் சின்ன வேலிக்குள் தானாக உலவ விட வேண்டும். மல்லிக்காகத் தென்னந்தோப்பில் கயிறு கட்டி ஓரிடம் ஒதுக்கினேன். இன்றும் பகலெல்லாம் அங்கேதான் மேய்கிறாள்.

ஒரு வாரம் கழித்துக் கையில் பிடித்து ஐந்து நிமிட நடை. ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டினேன். ஒரு நாளும் விடவில்லை. நேரமில்லாத நாளில் பத்து நிமிடம் நடத்தினாலும் போதும். அறவே விட்டுவிட்டு மறுநாள் சேர்த்து வாங்குவதுதான் ஆபத்து. ஏறி உட்கார ஒரு மாதம் ஆயிற்று. அதற்கு முன் மருத்துவர் ஒரு சோதனை வைத்தார். கால்மணி நேரம் மெல்லோட்டம். ஓடும் முன்னும், ஓடி முடித்து நான்கைந்து மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுத்தார். சி.கே. மூன்று நான்கு மடங்கு தாவினால், வெளியே தெரியாமல் தசை இன்னும் சிதைகிறது என்று பொருள். மல்லிக்கு அசையவில்லை.

இங்கேதான் குதிரைக்காரரின் பொறுமை சோதிக்கப்படும். இரண்டாம் மாதத்தில் குதிரை கட்டுக்கடங்காமல் ஓட ஆசைப்படும். மூச்சும் இதயமும் மூன்று மாதத்துக்குள் தேறிவிடும். தசைக்கு ஆறு மாதம் வரை ஆகும். தசையை எலும்போடு கட்டும் நாண்களுக்கு அதைவிடக் கூடுதல். எலும்பு உறுதிப்பட ஒரு வருடம் தாண்டும். ஓடத் துடிப்பது அதன் மூச்சு. அதன் பேச்சைக் கேட்டுக் காலை முறித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தூரமோ வேகமோ, ஒரு வாரத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். முதல் மூன்று மாதம் வேகம் என்ற பேச்சே இல்லை. நடையும் இடையிடையே மெல்லோட்டமும். தரையைத் தேர்ந்தெடுங்கள். பாலாறு காய்ந்து கிடப்பதைப் பார்த்தால் குதிரை ஓட்டவென்றே விரித்த பாய்போலத் தெரியும். ஆழமான மணல் பின்னங்கால் தசையையும் நாண்களையும் பிழிந்துவிடும். தேறாத குதிரையை அதில் இறக்காதீர்கள். ஏரிக்கரையின் கெட்டி மண்தான் நல்லது. மேட்டில் ஏறும் பயிற்சிக்கு அமிர்திப் பக்கம் ஜவ்வாது அடிவாரம் இருக்கிறது. நான் ஆறாம் மாதத்தில்தான் போனேன், அதுவும் நடையாக.

அக்னி நட்சத்திரத்தில் எதையும் கூட்டவில்லை. ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழுக்குள் திரும்பிவிடுவோம். வந்ததும் உடல் முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர். சூடான குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடிக்கும் என்ற பயம் பரவலாக உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் அந்தப் பயம் தேவையற்றது என்று காட்டின. ஒருமுறை பிடித்த குதிரைக்கும் உள்ளே தேங்கும் சூடுதான் எதிரி.

ஒவ்வொரு முறையும் திரும்பியதும் நான் செய்வது மூன்று. பத்து நிமிடம் கழித்து நாடி பார்ப்பேன். இரண்டு பிட்டத்தையும் உள்ளங்கையால் அழுத்தி ஒப்பிடுவேன். சிறுநீர் பெய்யும்வரை பக்கத்திலேயே இருப்பேன். நீண்ட ஓட்டத்துக்குப் பின் தசையில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகவே அந்த நாட்களில் மேய்ச்சலும் நடையும் மட்டும். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் நீண்ட தூரம்.

ஓட்டத்துக்கு முந்தின வாரமும் அன்றைய காலையும்

தூரத்தைக் குறைக்கும் கடைசி வாரத்தில்தான் பழைய பள்ளம் காத்திருக்கிறது. வேலை குறைகிறது, தீனி அப்படியே போகிறது, குதிரையை லாரியில் ஏற்றிப் பல மணி நேரம் நிற்க வைக்கிறோம். காணும் பொங்கல் மறுபடி வந்துவிட்டது என்று பொருள். அதனால் அந்த வாரம் கொள்ளு முற்றிலும் நிற்கும். பயணத்தில் இடையிடையே இறக்கி நடத்த வேண்டும். போய்ச் சேர்ந்த மாலை அரைமணி நடை கட்டாயம்.

அன்று காலை, கூட்டத்தோடு புறப்பட வேண்டாம். எல்லாக் குதிரையும் பாயும்போது நம்முடையதும் பாயத் துடிக்கும். அந்தப் படபடப்பே தசையை இறுக்கும். இருபது நிமிடம் நடத்திச் சூடேற்றி, கூட்டம் போன பிறகு கிளம்புங்கள். வழியில் எட்டு சுருங்கினாலோ, வேகத்துக்குப் பொருந்தாமல் வியர்த்தாலோ, அங்கேயே இறங்கிவிடுங்கள். அடுத்த பரிசோதனை இடம் இரண்டே கிலோமீட்டர்தான் என்றாலும் சரி.

நேற்று அதிகாலை மல்லி 22 கி.மீ. முடித்தாள், பெரும்பாலும் மெல்லோட்டம். பத்தாம் நிமிடத்தில் நாடி 56. பிட்டம் இரண்டும் இளகியே இருந்தன. கால்மணி நேரத்தில் வைக்கோல்மேல் பெய்த சிறுநீர் வெளிர்மஞ்சள். இன்று அவளுக்கு ஓய்வு. கொள்ளு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தோப்பில் அவிழ்த்து விட்டிருக்கிறேன்.